உங்களுக்குத் தெரியுமா? பழைய கார்களின் பளபளப்பு

பழைய காரைப் புதுப்பிப்பதில் எது கஷ்டம் என்று கேட்டால் இன்ஜின் என்றுதான் பலரும் நினைப்போம். அதில் கைவைத்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. பிஸ்டனுக்கு அளவு இருக்கிறது, பேரிங்குக்கு எண் இருக்கிறது, லேத்துப் பட்டறையில் கடைந்து கொடுக்க ஆள் இருக்கிறார். ஹெட்லைட்டைச் சுற்றிய வளையம், கதவோரம் ஓடும் பட்டை, பானட் நுனியில் நிற்கும் சின்னம், கிரில்லின் ஒற்றைப் பல் என்று இவற்றில் ஒன்று தொலைந்தால்தான் வேலை நின்றுபோகிறது. அந்தச் சின்ன உலோகத் துண்டுகளை மறுபடி செய்து தரும் கைவேலையைப் பற்றிய துணுக்குகள் இவை.

● இன்ஜினைவிட கிரில் அரிதாகிப்போனதற்கு ஒரு வியாபாரக் காரணம் உண்டு. 1955-இல் செவர்லே கொண்டுவந்த வி8 இன்ஜினின் வழிவந்தவை பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்தன. ஆனால் 1955, 1956, 1957 ஆண்டுகளின் செவர்லே கார்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் மூன்றுக்கும் கிரில் வேறு, பக்கவாட்டுப் பட்டை வேறு. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன், ஆண்டுதோறும் காரின் தோற்றத்தை மாற்றும் வழக்கத்தை வேரூன்றச் செய்தார். 1927-இல் ஹார்லி ஏர்ல் தலைமையில் தோற்ற வடிவமைப்புக்கென்றே அங்கே தனிப் பிரிவு தொடங்கியது. அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் தொடாமல், மேலே பூட்டியிருக்கும் அலங்காரத்தை மட்டும் மாற்றினாலும் வண்டி புதிதாகத் தெரியும். இப்படி இன்ஜின் பாகம் பல வருடக் கார்களுக்குப் பொருந்தியது. கிரில்லோ ஒரே ஒரு வருடம் தயாராகி நின்றுவிட்டது. இன்று அதைத் தேடுபவர் அந்த ஒரு வருடத்தின் மிச்சத்தைத்தான் தேட வேண்டும்.

● 1958 மாடல் பியூக் காரின் கிரில்லில் 160 சின்னஞ்சிறு குரோம் சதுரங்கள் பதிந்திருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பட்டை தீட்டியதுபோல் முகம் முகமாக இருக்கும். அதில் நாலைந்து காணாமல் போன காரை வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

● பம்பரில் நாம் முகம் பார்க்கும் பளபளப்பு பெரும்பாலும் குரோமியத்துடையது அல்ல, அதற்கு அடியில் இருக்கும் நிக்கலுடையது. அலங்காரக் குரோம் பூச்சு அரை மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது. தலைமுடி ஒன்றின் தடிமனில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குகளை வைக்கலாம். அடியில் உள்ள நிக்கல் அதைப்போல் பல மடங்கு கனம், பத்து இருபது மைக்ரான் வரை இருக்கும். நிக்கல் தனியாக இருந்தால் லேசான மஞ்சள் ஓடி நாளடைவில் மங்கிவிடும். குரோம் அதன்மேல் ஒரு நீலச் சாயலைத் தந்து, மங்காமல் காக்கிறது.

இதனால்தான் "குரோம் போட்டுக் கொடுங்கள்" என்று கொடுத்த பொருள், அடியில் இருக்கும் பாலிஷ் எப்படியோ அப்படியே திரும்பி வருகிறது. பூச்சு எந்தக் கீறலையும் மூடாது, எடுத்துக்காட்டத்தான் செய்யும். நல்ல முலாம் பட்டறையில் வேலையின் பெரும்பகுதி தொட்டிக்குள் இறங்குவதற்கு முன்பே, பஃப் என்னும் துணிச் சக்கரத்தின் முன்னால் முடிந்துவிடுகிறது.

● 1910-களின் தொடக்கம் வரை கார்களின் அலங்காரம் பித்தளையில் இருந்தது. பிறகு நிக்கல் முலாம் வந்தது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் செய்த ஆராய்ச்சியை ஒட்டி, குரோம் முலாம் 1920-களின் நடுவில்தான் தொழிற்சாலைக்கு வந்தது. அதைக் கார்களில் முதலில் பயன்படுத்தியவற்றில் ஓல்ட்ஸ்மொபீலும் ஒன்று. ஆகவே 1915-ஆம் வருடக் கார் ஒன்றின் ரேடியேட்டர் நீலச் சாயலோடு மின்னினால், அது பிற்காலத்தில் யாரோ பூசிய குரோம். பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அந்தக் காருக்கு உரியதல்ல.

● போர் வந்தால் பம்பரும் மாறும். 1942-ஆம் ஆண்டு தொடங்கியபோது அமெரிக்காவில் பம்பரைத் தவிர மற்ற அலங்கார பாகங்களுக்குப் பளபளப்பு முலாம் பூசக்கூடாது என்று தடை வந்தது. குரோமுக்குப் பதில் பெயின்ட் அடித்த கார்கள் வெளிவந்தன. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பே நின்றுவிட்டது. அந்தச் சில வாரங்களில் வெளிவந்தவை மிகக் குறைவு என்பதால், பெயின்ட் அடித்த அந்தப் பட்டைகள் இன்று குரோம் பட்டைகளைவிடக் கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட காரைப் புதுப்பிப்பவர் குரோம் பூசினால் அதன் சரித்திரமே அழிந்துபோகும்.

கொரியப் போரின்போது நிக்கலுக்குத் தட்டுப்பாடு. 1952-ஐ ஒட்டிய அமெரிக்கக் கார்களில் செம்பின்மேல் நேரடியாகக் குரோமைப் பூசி, அதன்மேல் வார்னிஷ் மாதிரி ஒரு தெளிவான பூச்சைத் தடவி அனுப்பினார்கள். கொஞ்ச காலத்திலேயே துருவும் புள்ளிகளும் வந்தன. எழுபது வருடம் பத்திரமாக வைத்திருந்த 1952 மாடலின் அசல் பாகம் ஒன்று மோசமாகத் தெரிந்தால், வைத்திருந்தவரைக் குறை சொல்ல வேண்டாம்.

● கதவுக் கைப்பிடி, பானட் சின்னம், எழுத்துப் பட்டை ஆகியவற்றில் பெரும்பாலானவை இரும்பும் அல்ல, பித்தளையும் அல்ல. துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்தவை. இந்தக் கலவை சுமார் 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நுணுக்கமான எழுத்தும் பூவேலையும் அப்படியே அச்சில் விழும். ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். தொழிற்சாலைக்கு இதைவிட வசதி வேறில்லை.

புதுப்பிப்பவருக்கு இதைவிடத் தலைவலியும் வேறில்லை. குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் உண்டு. அவற்றின் வழியே ஈரம் இறங்கி நிக்கலையும் செம்பையும் தாண்டினால், அந்த உலோகங்களின் துணையால் துத்தநாகம் வேகமாக அரிக்கிறது. அரித்த பொருள் பழைய உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அது மேலே தள்ளும்போது பூச்சில் பரு பருவாகக் கொப்புளம் கிளம்புகிறது. மேலே ஊசிமுனை அளவு தெரிந்தால் உள்ளே பட்டாணி அளவு குழி இருக்கும்.

இதைச் சரிசெய்ய, பழைய குரோமையும் நிக்கலையும் செம்பையும் ஒவ்வொன்றாக உரிக்கிறார்கள். ஒவ்வொரு குழியையும் சிறு துளைக்கருவியால் சுத்தமாகக் குடைந்து எடுக்கிறார்கள். அரிப்பின் ஒரு துகள் மிஞ்சினாலும் அது மறுபடி வளரும். பிறகு செம்பு முலாம். சாதாரண அமிலச் செம்புத் தொட்டியில் போட்டால் துத்தநாகமே கரையும் என்பதால் முதல் பூச்சு சயனைடு தொட்டியில் நடக்கும். குழிகளில் குறைந்த சூட்டில் உருகும் ஈயப்பற்றை நிரப்பி, அரத்தால் மட்டம் செய்து, மறுபடி செம்பு, மறுபடி தேய்ப்பு. இத்தனைக்கும் பிறகுதான் நிக்கலும் குரோமும். ஒரு கைப்பிடிக்கு இவ்வளவா என்று விலையைக் கேட்டு மலைப்பவர்கள், ஒருமுறை பட்டறையில் நின்று இந்த வேலையைப் பார்க்க வேண்டும்.

● சில துத்தநாக வார்ப்புகளை எதுவும் செய்ய முடியாது. உள்ளே மிகச் சிறிதளவு ஈயம் கலந்திருந்தாலும், வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, கையில் பிடித்தால் உதிர்ந்துவிடும். 1929-இல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் மிகத் தூய துத்தநாகத்திலிருந்து நிலையான கலவைகளைக் கொண்டுவந்த பிறகு இந்த நோய் குறைந்தது. அதற்கு முந்தைய கார்களின் கைப்பிடியோ கார்புரேட்டரோ வீங்கியிருந்தால் அதைச் சரிசெய்யப் பார்ப்பதில் பயனில்லை. உதிர்வதற்குள் அளவெடுத்து நகல் செய்துவிட வேண்டும்.

● அசல் பாகத்தையே மாதிரியாக வைத்து மண்ணில் அச்செடுத்து வார்த்தால், நகல் அசலைவிடச் சிறிதாகத்தான் வரும். உருகிய உலோகம் இறுகிக் குளிரும்போது சுருங்குகிறது. பித்தளைக்கு இந்தச் சுருக்கம் நூற்றுக்கு ஒன்றரை அளவு. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடி 3 மில்லிமீட்டர் குறைந்து வரும். பார்வைக்குத் தெரியாது. காரில் பொருத்தப் போகும்போதுதான் திருகு ஓட்டைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

அதனால் மாதிரி செய்பவர்கள் சுருக்கத்தைக் கூட்டியே கோடு போட்ட தனி அளவுகோலை வைத்திருப்பார்கள். பித்தளைக்கு ஒன்று, அலுமினியத்துக்கு ஒன்று, வார்ப்பிரும்புக்கு ஒன்று. அந்த அளவுகோலில் 20 சென்டிமீட்டர் என்று இருப்பது உண்மையில் அதைவிடக் கூடுதல் நீளம். மெழுகில் வார்த்தால் மெழுகும் சுருங்கும், அதற்கும் சேர்த்துக் கணக்கு. வார்த்தபின் பாலிஷில் கழியும் உலோகம், முலாமில் கூடும் கனம் என்று இன்னும் இரண்டு கணக்கு. இப்போது அசலை ஸ்கேன் செய்து, கணினியில் தேவையான அளவுக்குப் பெரிதாக்கி, மாதிரியை அச்சிட்டுக்கொள்கிறார்கள். என் பார்வையில், இந்தத் தொழிலுக்குப் புதிய தொழில்நுட்பம் செய்த மிகப் பெரிய உதவி இந்தச் சுருக்கக் கணக்கை எளிதாக்கியதுதான்.

● நகலைத் துத்தநாகத்தில் வார்க்காமல் பித்தளையிலோ வெண்கலத்திலோ வார்ப்பது உண்டு. எஃகு அச்சு செய்யும் செலவு பத்துப் பன்னிரண்டு துண்டுகளுக்குக் கட்டுப்படியாகாது. பித்தளையை மண் அச்சிலோ மெழுகு முறையிலோ எளிதாக வார்க்கலாம், முலாமும் நன்றாகப் பிடிக்கும், கொப்புளமும் வராது. ஆனால் பித்தளை துத்தநாகக் கலவையைவிட ஏறத்தாழ கால் பங்கு கூடுதல் கனம். கையில் தூக்கிப் பார்த்தே இது நகல் என்று சொல்லிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள்.

● ரோல்ஸ்-ராய்ஸின் ரேடியேட்டர் மேல் முன்சாய்ந்து நிற்கும் பெண் சிலையை உருவாக்கியவர் சார்லஸ் சைக்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி. 1911 முதல் அது கார்களில் இடம்பெற்றது. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் அது வார்க்கப்பட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் அச்சு உடைபடும். உடைத்தெடுத்த வார்ப்பைக் கையால் செதுக்கி முடிப்பார்கள். ஆகவே பழைய சிலைகளில் ஒன்று இன்னொன்றைப்போல் அச்சு அசலாக இராது. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் பஞ்சலோக விக்கிரகம் வார்ப்பதும் இதே அடிப்படையில்தான். அரிய சின்னங்களை நகல் செய்பவர்கள் இன்றும் பெரும்பாலும் நாடுவது இந்த முறையையே. அடியில் குடைந்து போகும் வளைவுகளையும், இறகின் கோடுகளையும் வேறு எளிய முறையில் பிடிக்க முடியாது.

● பட்டை எந்த உலோகம் என்று தெரிய வேண்டுமா? முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ துத்தநாகமாகவோ பித்தளையாகவோ இருக்கலாம். ஒட்டினால் குரோம் பூசிய இரும்பு என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கார்ப் பட்டைகளில் பரவலாகப் பயன்பட்ட எவர்சில்வர் ரகம் நிக்கல் கலக்காதது, அது காந்தத்தில் ஒட்டும். பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே துரு இல்லாமல் சாம்பல் நிறமாக இருந்தால் அது எவர்சில்வர். அதற்கு முலாமே வேண்டாம், பாலிஷ் போதும். இதை அறியாமல் நல்ல எவர்சில்வர் பட்டைக்குப் பணம் கொடுத்துக் குரோம் பூசுபவர்கள் உண்டு. காலப்போக்கில் அந்தப் பூச்சு செதில் செதிலாக உரியும்போதுதான் வருத்தப்படுவார்கள்.

● எவர்சில்வர் காரில் வந்து சேர்ந்த கதையும் சுவையானது. ஃபோர்டு நிறுவனம் 1930-இல் தன் மாடல் ஏ காரின் ரேடியேட்டர் கூட்டை எவர்சில்வரில் செய்யத் தொடங்கியது. அலெகனி என்ற உருக்கு நிறுவனத்தோடு சேர்ந்து 1936-இல் முழு உடலும் எவர்சில்வரில் ஆறு ஃபோர்டு கார்களைச் செய்துபார்த்தார்கள். 1960-இல் இரண்டு தண்டர்பேர்டு, பிறகு 1967 மாடலில் மூன்று லிங்கன். அவ்வளவோடு நின்றுபோனது. அந்த உலோகத்தின் கடினம் அச்சுகளைப் பாழாக்கிவிடும்.

● நெளிந்த எவர்சில்வர் பட்டையை நிமிர்த்துவது பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. பின்பக்கத்திலிருந்து சிறு சுத்தியலாலும் மழுங்கிய உளியாலும் மெல்ல மெல்லத் தட்டுவார்கள். ஓங்கி ஒரு அடி அடித்தால் உலோகம் நீண்டு வீங்கிவிடும், பிறகு அதை உள்ளே அனுப்ப முடியாது. தட்டியபின் மேலே அரத்தை லேசாக ஓட்டினால் மேடு மின்னும், பள்ளம் மங்கலாக நிற்கும். மங்கலான இடத்தை மறுபடி பின்னாலிருந்து தட்ட வேண்டும். மேடு பள்ளம் சமமானதும் 220, 320, 400, 600 என்று உப்புத்தாளின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் பஃப்.

பஃப் சக்கரத்தில் ஓர் எச்சரிக்கை. சக்கரம் பட்டையின் ஓரத்தை விட்டு வெளியே போகும் திசையில்தான் பிடிக்க வேண்டும். ஓரத்தை நோக்கி வரும் திசையில் பிடித்தால், துணிச் சக்கரம் பட்டையைக் கவ்வி இழுத்துச் சுழற்றிவிடும். நீளமான மெல்லிய எவர்சில்வர் பட்டை கத்தியைப்போல் கையை அறுக்கும். வேலை கற்றுக்கொள்பவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

● அலுமினியத் தகட்டை வளைப்பதற்கு முன் சோப்புத் தேய்ப்பார்கள், தெரியுமா? அலுமினியம் சூடாகும்போது இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காது. உருகும் வரை அதே வெள்ளை நிறம்தான். ஒரு கணம் தாமதித்தாலும் தகட்டில் ஓட்டை விழும். அதனால் சோப்புக் கட்டியைத் தகட்டின்மேல் தேய்த்துவிட்டு டார்ச்சால் சூடாக்குவார்கள். சோப்பு கருத்ததும் நெருப்பை எடுத்துவிடுவார்கள். தகடு மெத்தென்று இளகியிருக்கும். கட்டையில் செதுக்கிய அச்சின்மேல் வைத்துத் தட்டித் தட்டி வடிவத்துக்குக் கொண்டுவரலாம். தட்டத் தட்ட உலோகம் மறுபடி விறைக்கும். மறுபடி சோப்பு, மறுபடி சூடு. ஒற்றை காருக்காக ஒரு ஹெட்லைட் வளையம் செய்ய இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

● அலுமினியப் பட்டை மங்கிப்போனால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் மின்னாததற்குக் காரணம் அதன்மேல் இருக்கும் ஆனோடைஸ் படலம். கண்ணாடி மாதிரி கடினமான அந்தப் படலத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் உரித்த பிறகுதான் கீழே உள்ள உலோகத்தைத் தொட முடியும். மின்ன வைத்தபின் மறுபடி ஆனோடைஸ் செய்யாவிட்டால் சீக்கிரமே மங்கும்.

● டிலோரியன் காரின் உடல் தகடுகளை அழுத்திச் செய்த அச்சுகள் கடலுக்குள் போனது உங்களுக்குத் தெரியுமா? வட அயர்லாந்தின் டன்மரியில் 1981 தொடங்கி சுமார் 9,000 கார்கள் தயாராயின. வெளித்தகடு எவர்சில்வர், பெயின்ட் கிடையாது. நிறுவனம் திவாலானபின் அச்சுகள் பழைய இரும்புக்கு விலைபோயின. அவற்றில் சில அயர்லாந்தின் கால்வே கடற்கரைக்கு அப்பால் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்கு நங்கூரமாக இறக்கப்பட்டன. பல டன் எடையுள்ள நுணுக்கமான எஃகு அச்சு, கடலடியில் வெறும் கனமாக! ஒரு கார் நின்றுபோகும்போது அதன் அச்சுகளைக் காப்பாற்றுவது எத்தனை அவசியம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

● அதற்கு நேர்மாறான கதை இங்கிலாந்தில் நடந்தது. பிரிட்டிஷ் லேலண்ட் 1975-இல் உருவாக்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற அமைப்பு, பழைய அச்சுகளைத் தேடிச் சேகரித்தது. 1980-இல் உற்பத்தி நின்ற எம்ஜிபி காரின் முழு உடற்கூட்டை அந்த அசல் கருவிகளைக் கொண்டே 1988-இல் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். எம்ஜி கார் வைத்திருப்பவர்கள் இன்று ஒப்பீட்டளவில் நிம்மதியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

● பழைய ஐரோப்பியக் கார்களுக்குப் புது பம்பர் இன்று எங்கிருந்து வருகிறது? கணிசமானவை வியட்நாமில் கையால் உருவாக்கி, பற்றவைத்து, பாலிஷ் போட்ட எவர்சில்வர் பம்பர்கள். துரு பிடிக்காது, முலாம் உரியாது. ஆனால் நிறத்தில் குரோமின் நீலம் இராது. பக்கத்திலேயே குரோம் பூசிய பாகம் இருந்தால் வித்தியாசம் தெரியும்.

● நம் ஊர்க் கதைக்கு வருவோம். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். ஆனால் இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு தயாரிக்கப்படவே இல்லை. நான்கு கதவு என்பது இந்தியாவில் மட்டும் செய்தது. அதன் வழியில் 1970-களில் வந்த கெஸல் காரும் அப்படித்தான். அதனால் இரண்டு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர் தேவையான பாகத்தை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். நான்கு கதவு வைத்திருப்பவரின் பின்கதவுப் பட்டைக்கு உலகத்தில் வேறு எங்கும் கடை இல்லை. வண்டலூரில் பிறந்ததற்கு இங்கேதான் நகல் செய்தாக வேண்டும்.

அம்பாசடருக்கு நிலைமை பரவாயில்லை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தி நடந்தது. இருந்தாலும் மார்க் 1, 2, 3, 4 என்று கிரில் மாறிக்கொண்டே வந்ததால், முதல் மார்க்கின் முகத்தை அசலாகக் கொண்டுவருவது இன்று எளிதல்ல. பல மார்க் 1 கார்கள் பின்னால் வந்த கிரில்லை மாட்டிக்கொண்டு ஓடின. எந்தக் காருக்கு எந்த முகம் என்று சொல்லத் தெரிந்த மூத்த டிங்கர் மாஸ்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் புகைப்படத்தோடு பதிவு செய்துவைக்க வேண்டிய காலம் இது.

● சின்னத்தில் தெரியும் சிவப்பும் நீலமும் பழைய கார்களில் பெயின்ட் அல்ல, கண்ணாடி. நிறப் பொடியைச் செம்பு வில்லையின் பள்ளங்களில் நிரப்பி, சுமார் 800 டிகிரியில் சுட்டு உருக்கியது. துத்தநாகச் சின்னத்தில் இதைச் செய்ய முடியாது. உலையில் வைத்தால் சின்னமே உருகிப்போகும். செம்புச் சின்னத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் வண்ணப் பிசின் ஊற்றி நகல் செய்தால், அது சில வருட வெயிலில் மங்கி மாட்டிக்கொள்ளும்.

● 1960-களிலிருந்து குரோம்போல் தெரியும் பாகங்களில் பல பிளாஸ்டிக். அமிலத்தில் அரித்து, மின்சாரம் இல்லாமல் வேதிமுறையில் முதல் உலோகப் படலத்தை ஏற்றி, அதன்மேல் வழக்கமான முலாம். இதை உரித்துத் திரும்பப் பூசுவது உலோகத்தைவிடச் சிரமம். எழுபதுகளின் கார்களை வைத்திருப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

● முப்பரிமாண அச்சு இந்தத் துறைக்குள் வந்து கொஞ்ச காலமாகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞர் ஜே லெனோ, 1907-ஆம் வருட வொயிட் நீராவிக் காரின் பழுதடைந்த பாகத்தை ஸ்கேன் செய்து, மாதிரியை அச்சிட்டு மீட்ட செய்தி 2009-லேயே வந்தது. மொத்தமே 292 கார்கள் செய்யப்பட்ட போர்ஷே 959-க்கு, கிளட்ச் விடுவிக்கும் நெம்புகோலை உலோகப் பொடியை லேசரால் உருக்கி அடுக்கும் முறையில் போர்ஷே நிறுவனமே 2018-இல் செய்து தந்தது. மெர்சிடிஸ் நிறுவனம் தன் 300 எஸ்எல் காரின் உட்புறக் கண்ணாடியின் அடித்தளத்தை அலுமினியக் கலவையில் இதேபோல் அச்சிட்டது.

அலங்கார பாகத்துக்கு வரும்போது ஒரு விஷயம் மறக்கக்கூடாது. பொடியிலிருந்து பிறக்கும் உலோகத்தின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதைக் கண்ணாடிபோல் ஆக்க அதே அரம், அதே உப்புத்தாள், அதே பஃப், அதே கை வேண்டும்.

● பஃப் அதிகமானாலும் கெடுதல்தான். எழுத்துகளின் கூர்மையான ஓரம் உருண்டுவிடும். திருகு ஓட்டையைச் சுற்றிக் குழி விழும். அகலமான தளங்களில் அலை ஓடும். தொலைவில் பளிச்சென்று தெரியும் பம்பரைக் கிட்டே போய்ப் பார்த்தால், எதிரில் இருக்கும் ஜன்னல் கம்பிகளின் பிம்பம் நெளிந்து தெரியும். நல்ல வேலையா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக எளிய சோதனை இதுதான்.

● குரோம் தொட்டி மிகவும் சோம்பேறியானது. செலுத்தும் மின்சாரத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்குவதிலேயே செலவாகிறது, ஐந்தில் ஒரு பங்கு உலோகத்தைப் படிய வைத்தாலே அதிகம். பள்ளங்களுக்குள் குரோம் எளிதில் இறங்காது. கிரில்லின் உட்குழிவுகளில் மஞ்சளாக நிக்கல் தெரிந்தால் காரணம் இதுதான். கைதேர்ந்தவர்கள் பள்ளத்துக்குள் தனியாக ஒரு துணை மின்முனையை வளைத்து வைப்பார்கள்.

அந்தக் குமிழிகள் வெடிக்கும்போது எழும் சாரலில்தான் ஆபத்து இருக்கிறது. தொட்டியில் இருக்கும் ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும். பாதுகாப்பில்லாத பட்டறைகளில் வேலைசெய்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்தது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் அந்தக் குரோமிய வேதிப்பொருளைப் பயன்படுத்த முடியாது. கலிபோர்னியா மாநிலம் அலங்கார முலாமுக்கு அதை 2027 தொடக்கத்திலிருந்து விலக்க 2023-இல் முடிவு செய்தது. மாற்றாக மூன்று இணைதிற குரோமியம் வந்திருக்கிறது, ஆபத்து பெருமளவு குறைவு. நிறம் கொஞ்சம் கருமை தட்டும் என்று பழைய கார்ப் பிரியர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒரு தொழிலாளியின் மூச்சைவிட அந்த நீலச் சாயல் முக்கியம் என்று என்னால் ஏற்க முடியாது. ஒரு காரின் எல்லாப் பாகங்களையும் ஒரே பட்டறையில் ஒரே முறையில் பூசிவிட்டால் நிற வேறுபாடு கண்ணில் படவே படாது.

● அலங்காரப் பட்டைதான் பல கார்களில் துருவின் நுழைவாயில். பட்டையைப் பூட்ட உடலில் துளையிடுகிறார்கள். துளையின் ஓரத்தில் பெயின்ட் கிடையாது. பட்டைக்குப் பின்னால் தூசியும் ஈரமும் தங்கும். போதாததற்கு, எவர்சில்வரும் சாதாரண எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் எஃகு இன்னும் வேகமாக அரிக்கும். புதிய பட்டையை மாட்டுவதற்கு முன் துளைகளுக்கு பிரைமர் தடவி, இரும்புக் கிளிப்புக்குப் பதில் நைலான் கிளிப் போட்டால் பாதி வியாதி தீரும்.

● நகல் பாகத்தின் பின்பக்கத்தில் செய்தவர் தன் குறியைப் போட்டிருக்க வேண்டும். அசல் பாகங்களின் பின்னால் பாக எண்ணும் தயாரிப்பாளரின் முத்திரையும் இருக்கும். அதையும் சேர்த்து நகலெடுத்து, பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது. கார் நிறுவனங்களின் சின்னங்களுக்கு வணிக உரிமை உண்டு. ஃபோர்டு போன்ற நிறுவனங்கள் நகல் செய்வோருக்கு முறைப்படி உரிமம் தருகின்றன.

● முலாம் பட்டறைக்குப் பாகங்களைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் பரப்பி, முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து, எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பாகங்கள் கம்பியிலிருந்து நழுவித் தொட்டியின் அடியில் போய்விடுவது சகஜம். ஒவ்வொன்றையும் அட்டையில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து, திருகு ஓட்டைகளின் இடத்தையும் குறித்துவைத்தால், பாகமே தொலைந்தாலும் நகல் செய்ய அளவு கையில் இருக்கும். உடைந்த பழைய துண்டுகளை எக்காரணம் கொண்டும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி கிடைத்தாலும் இரண்டையும் ஸ்கேன் செய்து ஒரு முழுப் பாகம் வரைந்துவிடலாம். பின்பக்கத்தில் வார்ப்போடு சேர்ந்திருக்கும் திருகுக் குச்சிகளில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அதன் கனமும் மரையும் அடுத்தவருக்கு உதவும்.